ஒரே டஸ்ட் எக்ஸ்ட்ராக்டரில் ஐந்து மெஷின்களை இணைக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: புளியரை பக்கம் வீட்டுக்குப் பின்னால் 12க்கு 20 அடி ஷெட். அதில் 10 இஞ்ச் டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), மைட்டர் சா (பலகையைக் குறுக்காகவும் கோணத்திலும் வெட்டுவது), ரவுட்டர் டேபிள் (விளிம்பும் பள்ளமும் கடைவது), ஆர்பிட்டல் சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்) இருக்கின்றன. தடிமன் இழைக்கும் பிளானர் ஒன்று அடுத்த மாதம் வரப்போகிறது. மரத்தூளை உறிஞ்ச 30 லிட்டர், 1200 வாட் எக்ஸ்ட்ராக்டர் ஒன்று வாங்கிவிட்டீர்கள். எல்லாவற்றையும் பிவிசி குழாயில் நிரந்தரமாக இணைத்துவிடலாமா, எந்த மெஷினை ஆன் செய்தாலும் எக்ஸ்ட்ராக்டர் தானாக ஓட வைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாங்கிய இந்த ஒரு மெஷின் போதுமா, இல்லை தப்பான பொருளை வாங்கிவிட்டோமா என்பதுதான் அது.

வாங்கியது தப்பில்லை. நாலு மெஷின்களை அதில் இணைக்கலாம், தாராளமாக. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மெஷினின் வழியாகத்தான் அது காற்றை இழுக்க வேண்டும். ஐந்தாவதான பிளானரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் ஆலையின் மெயின்டனன்ஸில் இருந்தபோது தூள் உறிஞ்சும் குழாய் வரிசைகளைப் போடுவதும் பராமரிப்பதும்தான் என் வேலை. இப்போது மார்த்தாண்டம் பக்கம் சொந்தப் பட்டறை. அதனால் காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் உங்கள் ஷெட்டுக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தூள் இழுக்கும் மெஷின்களில் இரண்டு சாதி உண்டு. உங்களிடம் இருப்பது வாக்யூம் வகை. இழுவிசை அதிகம், காற்றின் அளவு குறைவு. அடைத்த நிலையில் 200 மில்லிபாருக்கு மேல் இழுக்கும், ஆனால் நொடிக்கு 60 லிட்டர் காற்றைத்தான் நகர்த்தும். அதுவும் ஹோஸ் இல்லாமல், ஃபில்டர் புதிதாக இருக்கும்போது கம்பெனி எடுத்த கணக்கு. ஹோஸும் தூள் படிந்த ஃபில்டரும் சேர்ந்தால் 35 லிட்டர் வந்தாலே நல்லது. இன்னொன்று, பெரிய துணிப்பை தொங்கும் கலெக்டர் வகை. அதன் இழுவிசை 20, 25 மில்லிபார்தான். ஆனால் காற்றின் அளவு ஐந்து முதல் பத்து மடங்கு வரை இருக்கும். வாக்யூம் மெல்லிய ஹோஸுக்கு, கலெக்டர் 4 இஞ்ச் குழாய்க்கு. சாண்டரின் சின்ன ஹோஸைக் கலெக்டரில் மாட்டினால் காற்றே வராது. பிளானரின் 4 இஞ்ச் வாயில் வாக்யூமை மாட்டினால் காற்று போதாது. எத்தனை எச்.பி. மோட்டார் என்று பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரே நேரத்தில் ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்வதற்கும் காரணம் இந்தக் காற்றளவுதான். ஒரே டேங்கிலிருந்து வரும் நாலு குழாயையும் திறந்துவிட்டால் எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டுமே, அதே கதைதான். இருக்கிற 35 லிட்டரை நாலாகப் பிரித்தால் எந்த மெஷினுக்கும் பயன்படும் அளவு கிடைக்காது. ஷெட்டில் நீங்கள் ஒருவர்தான் வேலை செய்கிறீர்கள் என்றால் இது ஒரு குறையே இல்லை. இரண்டு கையாலும் டேபிள் சாவில் பலகை தள்ளுகிறவர் அதே நேரத்தில் சாண்டரைப் பிடிக்கப்போவதில்லை. இரண்டு பேர் வேலை செய்தால் நிலைமை வேறு. இரண்டு சாண்டர்களை ஒரு ஒய் (Y வடிவ) இணைப்பில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஓரளவு நடக்கும், ஏனென்றால் சாண்டருக்குக் கொஞ்சம் காற்றே போதும். சாவும் சாண்டரும் சேர்ந்து ஓடுவது சரிவராது. காற்று அகலமான வாயைத் தேடிப் போய்விடும், சாண்டரில் தூள் நின்றுவிடும்.

இப்போது குழாய். பெரிய குழாய் போட்டால் தாராளமாக இழுக்கும் என்று நினைத்துப் பலர் 4 இஞ்ச் பிவிசி போடுகிறார்கள். வாக்யூமுக்கு அது எதிராக வேலை செய்யும். மரத்தூளும் சில்லும் குழாயில் படியாமல் போக வேண்டுமானால் காற்று நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஆலைகளில் குழாய் அளவு போடும்போது பிடித்துக்கொள்ளும் கணக்கும் இதுதான். உங்கள் மெஷின் தரும் 35 லிட்டரை வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. குழாய், உள்விட்டம் 46 என்று வைத்துக்கொண்டால், வேகம் 21 மீட்டர் வருகிறது. 63 மி.மீ. குழாயில் 13 மீட்டருக்கு இறங்கிவிடும். 110 மி.மீ. குழாயில் வெறும் 4 மீட்டர். அந்த 4 மீட்டர் வேகத்தில் தூள் பறக்காது, உருண்டு உருண்டு போய் முதல் வளைவில் குவியும். ஆகவே மெயின் லைன் 50 மி.மீ. தான். தண்ணீர்க் குழாய் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும், சுவர் கனம் குறைந்ததாகக் கேட்டு வாங்குங்கள். கலெக்டர் வாங்கினால் அதற்குத் தனியாக 110 மி.மீ. லைன். இரண்டையும் ஒன்றாக்க நினைக்காதீர்கள்.

வளையும் ஹோஸை முடிந்தவரை குறையுங்கள். உள்ளே வரிவரியாக இருக்கும் ஹோஸ், அதே நீள வழவழப்பான குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றைத் தடுக்கும். ஷெட்டின் நீளம் முழுக்க பிவிசி, மெஷினுக்குப் பக்கத்தில் கடைசி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் மட்டும் ஹோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவு. கிளை பிரியும் இடத்தில் டீ வேண்டாம், ஒய் போடுங்கள். ஒய்யின் சாய்வு எக்ஸ்ட்ராக்டர் இருக்கும் திசையைப் பார்த்து இருக்கட்டும். கிளைகளை மெயின் குழாயின் மேற்புறத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ எடுங்கள். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் மூடியிருக்கும் கிளைக்குள் தூள் விழுந்து அடைத்துக்கொள்ளும். குழாயின் அகன்ற சாக்கெட் முனை மெஷின் இருக்கும் பக்கம் பார்க்கட்டும். தூள் வரும் குழாய் அடுத்த குழாயின் சாக்கெட்டுக்குள் நுழைய வேண்டும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளே ஒரு விளிம்பு நிற்கும், நீளமான சீவல் ஒன்று அதில் மாட்டினால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் கட்டிக்கொள்ளும். இணைப்புகளுக்கு சொல்யூஷன் போடாதீர்கள். இறுக்கிச் சொருகி, வெளியே டேப் சுற்றினால் போதும். என்றைக்காவது ஒருநாள் பிரித்துத்தான் ஆக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கிளையிலும் காற்று வழியைத் திறந்து மூட ஒரு கேட் வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கேட்டுகளில் பல, மூடிய பிறகும் காற்றை விடும். வாக்யூமின் இழுவிசைக்கு ஒரு மயிரிழை இடைவெளியும் பெரிய ஓட்டைதான். இரண்டு 6 மி.மீ. பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. அக்ரிலிக் தகடு நகரும் மாதிரி நீங்களே செய்துகொள்ளலாம், மரவேலைக்காரருக்கு அரை மணி நேர வேலை. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். தகடு போய் முட்டும் மூலைகளை மூடிவிடாதீர்கள். அங்கே தூள் இறுகி, கொஞ்ச நாளில் கேட் முழுசாக மூடாமல் நின்றுவிடும். மூலைகளில் சின்ன வெட்டு விட்டால் தகடு தூளை வெளியே தள்ளிவிடும். கேட் மெயின் குழாய்க்கு ஒட்டி இருப்பது நல்லது, கை எட்டும் உயரத்திலும் இருக்க வேண்டும். குனிந்து மூடவேண்டிய கேட்டை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் மூடுவதில்லை.

இதில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. உங்கள் ஷெட் அளவுக்கு நிரந்தரக் குழாய் டேபிள் சாவுக்கும் ரவுட்டர் டேபிளுக்கும் மைட்டர் சாவுக்கும் போதும். சாண்டருக்குத் தனி லைன் வேண்டாம். மெயின் லைனின் தொடக்கத்தில், எக்ஸ்ட்ராக்டருக்குப் பக்கத்தில் ஒரு ஒய் வைத்து, அதோடு வந்த ஹோஸையே நேராகச் சாண்டருக்குக் கொடுங்கள். குழாயும் வளைவும் இல்லாத வழி அது, காற்று முழுசாகக் கிடைக்கும். எந்த மெஷினுக்குத் தூள் இழுப்பது உயிர்போகும் அவசியம் என்று கேட்டால், சாண்டருக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

தரையில் கிடக்கும் குவியலைப் பார்த்தால் சாண்டர் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். பிளானர் கோணி கோணியாகச் சீவலைத் தள்ளும், டேபிள் சா கால் புதைகிற அளவுக்குத் தூள் போடும். ஆனால் நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத தூள், அதை அதிகம் கிளப்புவது சாண்டர். பலா மரத்தைச் சாண்ட் செய்துவிட்டு மறுநாள் டியூப்லைட்டின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மஞ்சள் மாவு ஒட்டும். மூலையில் இருக்கும் சிலந்தி வலை மஞ்சள் நூலாகத் தடித்திருக்கும். அவ்வளவு உயரத்துக்குப் போனது உங்கள் மூக்கு இருக்கும் உயரத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்புறமும் அதைச் சுற்றிய சைனஸ் அறைகளும்தான் அதில் முக்கியமாகச் சொல்லப்பட்ட இடங்கள். இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ஐரோப்பாவில் கடின மரத்தூளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலையின் சராசரி அது. உங்கள் ஷெட் 10 அடி உயரம் என்றால் உள்ளே 68 கன மீட்டர் காற்று. மொத்த ஷெட்டிலும் 136 மில்லிகிராம் தூள் மிதந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். ஒரு சிட்டிகைகூட இல்லை. இதற்கு மேல் நம் பக்கத்து மரங்களின் குணமும் சேரும். தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் தூளோடு ஃபார்மால்டிஹைடும் வரும்.

அதனால் உங்கள் எக்ஸ்ட்ராக்டரில் என்ன ஃபில்டர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல், எம், எச் என்று மூன்று வகுப்பு உண்டு. எல் வகுப்பில் 1 சதவீதம் வரை தூள் தப்பலாம், எம் வகுப்பில் 0.1 சதவீதம், எச் வகுப்பில் 0.005 சதவீதம். மரவேலைக்கு எம் வகுப்புதான் சரியானது. எம் வகுப்பு மெஷினில் காற்றின் வேகம் 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் ஒலி எழுப்பும் ஏற்பாடும் இருக்கும். அதில் ஹோஸ் விட்டத்தைக் குறிக்கும் ஒரு திருகு இருக்கும், 27, 36 என்று எண்கள் போட்டிருக்கும். பலர் அதை வேகம் கூட்டும் பட்டன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாட்டியிருக்கும் ஹோஸின் அளவில் வைத்தால்தான் எச்சரிக்கை சரியாக வேலை செய்யும். உங்களுடையது எல் வகுப்பு என்றால் வீணாகிவிடவில்லை. உள்ளே ஃப்ளீஸ் பை (நெய்யாத துணியாலான தூள் பை) போட்டு ஓட்டுங்கள், சாண்ட் செய்யும்போது என்95 முகமூடியும் போடுங்கள். எம் வகுப்பு வைத்திருக்கும் நானும் சாண்டிங்கில் முகமூடியைக் கழற்றுவதில்லை.

மெஷின் வாரியாகச் சொன்னால், டேபிள் சாவில் தூள் இரண்டு இடத்தில் கிளம்பும், பிளேடுக்குக் கீழேயும் மேலேயும். கீழே 63 மி.மீ. வாய் இருக்கும் சின்ன வகை சா என்றால் வாக்யூம் ஓரளவு சமாளிக்கும். 4 இஞ்ச் வாய் உள்ள பெரிய சா என்றால் கலெக்டர்தான் நியாயம். எதுவானாலும் சாவின் உடம்பில் இருக்கும் தேவையற்ற திறப்புகளை பிளைவுட்டால் அடைத்துவிடுங்கள், அது செலவில்லாத முன்னேற்றம். ரவுட்டர் டேபிளில் ஃபென்ஸிலும் (பலகையை ஒட்டித் தள்ளும் தடுப்பு) கீழ்ப்பெட்டியிலும் இரண்டு வாய் இருக்கும். ஒரே மெஷினின் இரண்டு வாய் என்பதால் அங்கே மட்டும் ஒய் போட்டு இரண்டையும் சேர்த்து இழுக்கலாம். மைட்டர் சா விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல எக்ஸ்ட்ராக்டர் வைத்தாலும் பாதித் தூள் பின்பக்கமாகப் பறக்கும். பின்னால் மூன்று பக்கமும் மூடிய ஒரு கூண்டு கட்டி, அதன் அடியில் சரிவு வைத்து, அங்கிருந்து இழுத்தால் கொஞ்சம் தேவலை. சாண்டரில் நேர் எதிர்ப் பிரச்சினை. முழு இழுவிசையில் சாண்டர் பலகையோடு ஒட்டிக்கொண்டு சுழி சுழியாகக் கோடு போடும். எக்ஸ்ட்ராக்டரின் வேகத் திருகைக் குறைத்து, சாண்டர் கையில் லேசாக மிதக்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளானரை ஏன் சேர்க்க வேண்டாம் என்கிறேன்? ஒரு அடி அகலப் பலகையில் 1 மி.மீ. இழைக்கிறீர்கள், நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1.8 லிட்டர் மரம் வெளியே வருகிறது. அது சீவலாக உப்பும்போது ஐந்தாறு மடங்காகும், கிட்டத்தட்ட 10 லிட்டர். உங்கள் 30 லிட்டர்த் தொட்டி மூன்று நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்கு முன்பே ஹோஸ் அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் சுருள் சுருளான சீவலுக்கு 50 மி.மீ. வழி போதாது. ஒன்றரை, இரண்டு எச்.பி. பை வைத்த கலெக்டர் ஒன்று பிளானருக்கு அவசியம். உடனே வாங்க முடியாவிட்டால் பிளானரை ஷெட்டுக்கு வெளியே, கூரை நிழலில் வைத்து இழையுங்கள். சீவல் பெரிய துண்டு, அது மூச்சில் ஏறுவது குறைவு. கூட்டி அள்ளிவிடலாம்.

அடுத்தது கரண்ட். தானாக ஓடும் வசதி எக்ஸ்ட்ராக்டரிலேயே இருக்கலாம். முன்பக்கம் ஒரு பிளக் சாக்கெட் இருந்தால், அதில் மாட்டிய மெஷினை ஆன் செய்ததும் எக்ஸ்ட்ராக்டர் ஓடும். அணைத்த பிறகும் சில நொடிகள் ஓடி ஹோஸைக் காலி செய்துவிட்டு நிற்கும். நிரந்தரக் குழாயில் இருக்கும் மூன்று மெஷின்களுக்கும் இது வேண்டும் என்றால் அந்த சாக்கெட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு மாட்டி அதிலிருந்து எடுக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்று என்ற ஒழுங்கு இருக்கும்வரை. சாக்கெட்டின் பக்கத்தில் எத்தனை வாட் வரை என்று எழுதியிருப்பார்கள், அதுதான் உச்ச வரம்பு. கணக்கைப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டர் 1200, டேபிள் சா 1800, மொத்தம் 3000 வாட். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். கூடவே 700 வாட் ரவுட்டரும் ஓடினால் 16ஐத் தாண்டிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் போர்டுகள் பெரும்பாலும் 6 ஆம்பியர். டேபிள் சா ஒன்றே 8 ஆம்பியர் எடுக்கும். அந்த போர்டு உருகுவதைத் தவிர வேறு வழியில்லை, பக்கத்தில் இருப்பதோ மரத்தூள். 16 ஆம்பியர் போர்டு, குறைந்தது 2.5 ச.மி.மீ. வயர், எர்த் சரியாக இருக்க வேண்டும், ஷெட்டுக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). இந்த இடத்தில் என் பதிலோடு நிற்காதீர்கள். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வரும் வயர் எத்தனை தடிமன், எத்தனை நீளம் என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

உங்கள் எக்ஸ்ட்ராக்டரில் அந்த சாக்கெட் இல்லை என்றால் கரண்ட் சென்சிங் ரிலே (மெஷின் கரண்ட் எடுப்பதை உணரும் சுவிட்ச்) ஒன்றையும் ஒரு கான்டாக்டரையும் (மோட்டார் கரண்டைத் தாங்கும் கனமான சுவிட்ச்) வைத்து எலக்ட்ரீஷியனே அமைத்துத் தருவார். ரிமோட் சுவிட்ச் வாங்கி நேராக மோட்டாரை ஓட்டாதீர்கள். அதன் மேல் எழுதியிருக்கும் 10 ஆம்பியர் பல்புக்கும் ஹீட்டருக்கும் சொன்னது, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு அதன் ரிலே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு கான்டாக்டர் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் டூல்களுக்கு இந்த சாக்கெட் உதவாது, அவற்றுக்கு ரிமோட்தான் வழி.

நெருப்பு விஷயத்தில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் தூள் ஓடினால் நிலைமின்சாரம் சேரும், கை பட்டால் சுரீர் என்று அடிக்கும், இது உறுதி. அந்தப் பொறியால் ஒரு சின்னப் பட்டறையின் குழாய் வெடித்ததாக நம்பும்படியான சம்பவம் எதையும் நான் கண்டதில்லை. மரத்தூள் வெடிக்க வேண்டுமானால் ஒரு கன மீட்டரில் பத்துக்கணக்கான கிராம் தூள் மேகமாக மிதக்க வேண்டும், உங்கள் குழாயில் சாதாரணமாக அவ்வளவு இருக்காது. குழாயின் உள்ளே செம்புக் கம்பி ஓட்டச் சொல்வார்கள். பிவிசி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் கம்பி தொடும் இடத்தைத் தவிர மற்ற இடத்தில் அது பெரிதாக எதையும் இறக்காது, சீவல் மாட்ட ஒரு கொக்கிதான் கூடுதலாகக் கிடைக்கும். சாண்டருக்குப் போகும் ஹோஸ் மட்டும் ஆன்டிஸ்டாட்டிக் வகையாக வாங்குங்கள், எக்ஸ்ட்ராக்டர் வழியாக எர்த் கிடைத்துவிடும், கையில் ஷாக் அடிப்பது நிற்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கேரளத்தில் பழைய வீடு பிரித்த மரம் நம் பக்கம் நிறைய வருகிறது, செங்கோட்டைக்கும் வருகிறது. அருமையான தேக்கு, ஆனால் உள்ளே தலை உடைந்த ஆணி இருக்கும். மேலே துரு நிறத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான் தெரியும். பிளேடு அதைத் தொட்டால் கிளம்பும் பொறி நேராகக் குழாயில் ஏறி, காற்று ஊதிக்கொண்டே இருக்கும் தூள் பைக்குள் போய் உட்காரும். உடனே ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போன பிறகு பை உள்ளுக்குள் கனன்று, ராத்திரி புகை வந்த பிறகுதான் தெரிந்தது. பழைய மரம் என்றால் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்த்துவிட்டு அறுங்கள். பொறி பறந்ததைப் பார்த்தால் அன்றைக்குப் பையை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரை இந்த லைனில் எந்தக் காலத்திலும் இணைக்காதீர்கள். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைத் தூள் தொட்டியில் போடாதீர்கள், அது நெருப்பு வைக்காமலே தானாகப் பற்றும்.

ஃபில்டருக்கு முன்னால் ஒரு சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிப்பது) வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வையுங்கள். கூம்பு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் சைக்ளோனை 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடியில் பொருத்தினால் தூளில் பெரும்பகுதி வாளியிலேயே விழுந்துவிடும், ஃபில்டர் அடைபடுவது வெகுவாகக் குறையும். கொஞ்சம் இழுவிசை அதில் போகத்தான் செய்யும், ஆனால் பாதி அடைத்த ஃபில்டர் அதைவிட அதிகம் தின்னும். மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டுங்கள், வாளியில் காற்று புகுந்தால் சைக்ளோன் வேலையே செய்யாது. எல்லா கேட்டையும் மூடிவிட்டு எக்ஸ்ட்ராக்டரை ஓட்டாதீர்கள். பெயின்ட் வாளி அப்படியே உள்ளே அமுங்கி நசுங்கிப்போகும், எக்ஸ்ட்ராக்டர் மோட்டாருக்கும் அது நல்லதில்லை.

எக்ஸ்ட்ராக்டரை எங்கே வைப்பது? குளிர் நாட்டுக்காரர்கள் சூடாக்கிய காற்று வெளியே போய்விடும் என்று அதை அறைக்குள்ளேயே வைத்து ஓட்டுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஷெட்டின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு சின்னத் தாழ்வாரம் இறக்கி, மெஷினை அங்கே வைத்து, சுவரைத் துளைத்துக் குழாயை உள்ளே கொண்டுவாருங்கள். ஃபில்டரில் தப்பும் நுண்தூள் உங்கள் மூக்குக்கு வராது, சத்தமும் பாதியாகும். பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம். புளியரையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் பக்கவாட்டில் அடிக்கும், அதனால் தாழ்வாரத்துக்கு மூன்று பக்கமும் மறைப்பு வேண்டும், மோட்டாருக்கு காற்று போக வழியும் வேண்டும். அந்த மாதங்களில் தூளை மெஷினுக்குள்ளே வாரக்கணக்கில் விட்டு வைக்காதீர்கள். ஈரக்காற்றில் அது கட்டிபட்டுப் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் ஓட்டும்போது பூஞ்சையும் சேர்ந்து பறக்கும். சரியாகக் காயாத ரப்பர் மரம் அறுத்தாலும் இதே கதி, ஈரத் தூள் ஃபில்டரில் மாவாக அப்பிக்கொள்ளும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு சோதிக்க இரண்டு வழி போதும். ஒரு சாண் நூலை ஒவ்வொரு இணைப்புக்கும் மூடிய கேட்டுக்கும் பக்கத்தில் பிடியுங்கள். நூல் உள்பக்கம் இழுபட்டால் அங்கே கசிவு. ஊதுபத்தி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், கங்கு உள்ளே போய்விடும், வேண்டாம். இரண்டாவது, இருட்டியதும் விளக்குகளை அணைத்துவிட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபடி சாண்டரை இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். வெளிச்சக் கற்றைக்குள் மினுமினுவென்று எவ்வளவு மிதக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு மெஷினுக்கும் இப்படிப் பார்த்தால் எந்தக் கிளையில் இன்னும் வேலை பாக்கி என்று புரிந்துவிடும்.

பணம் ஒரேயடியாகப் போட வேண்டாம் என்றால் முதலில் நல்ல ஃபில்டரும் பையும், அடுத்து சைக்ளோனும் வாளியும், மூன்றாவதாகக் குழாயும் கேட்டும், கடைசியில் பிளானருக்கான கலெக்டர். எக்ஸ்ட்ராக்டரின் மாடலையும், அதிலிருந்து டேபிள் சா வரை குழாய் எத்தனை அடி வரும் என்பதையும், டேபிள் சாவின் வாய் எத்தனை மி.மீ. என்பதையும் எழுதுங்கள். குழாய் அளவை உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.